எட்டுப் பெட்டித் தேர்தல்

செப்டம்பர் 14, ஞாயிறு

இட்லி மாவு இன்னும் பொங்கவில்லை. இந்தத் தெற்குக் கரோலினாவில் வெளியே வெயில் தென்காசி மாதிரித்தான் அடிக்கிறது. வீட்டுக்குள் ஏசியைப் போட்டு மார்கழி ஆக்கி வைத்திருக்கிறார்கள். மாவுச் சட்டியை ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் எரியவிட்டிருக்கிறேன்.

என் பேத்தி நறுமுகை இன்று என்னை அவமானப்படுத்திவிட்டாள். பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் அவள்தான் முதல், யார் பேத்தி. இந்த ஹார்ட்டன் ஊரில் வரலாற்றுச் சங்கம் ஒன்று உண்டு. 1888-இல் இங்கே நடந்த காங்கிரஸ் தேர்தலைப் பழைய கோர்ட்டுக் கட்டடத்தில் நவம்பர் ஒன்றாம் தேதி அப்படியே நடித்துக் காட்டப் போகிறார்களாம். சனங்களும் வந்து ஓட்டுப் போடலாம். நடத்தும் பொறுப்பு முகைக்கு. சங்கம் முழுக்க நரைத்த தலைகள், நடுவே என் பேத்தி ஒருத்திதான் கறுத்த தலை. காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை, நம் டில்லி பார்லிமெண்ட் மாதிரி ஒரு சபை.

"ஆச்சி, படிக்கத் தெரியாத ஒரு ஓட்டர் வேணும். உனக்கு இங்கிலீஷ் வராதுல்ல? நீ நடிக்கவே வேண்டாம், சும்மா வந்து நின்னா போதும்" என்றாள்.

நான் அஞ்சாப்பு. வகுப்பில் முதல் மார்க்கு. ஐயா ஆறாப்புக்கு அனுப்பாதது அவர் தப்பு. பிறகு இருபது வருஷம் எங்கள் தெரு பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கள்ள ஓட்டு விழ விட்டதில்லை. செத்தவர் பேரில் ஓட்டுப் போட வந்தவனை, அவன் தாத்தா பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பியவள். எந்தக் கட்சி என்று இதில் எழுத மாட்டேன். மருமகன் வேறு கட்சி.

தெரியாதவளாக நிற்பதற்கு வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மாவு பொங்கி ஓவனெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன். முகையோடு பேச்சு இல்லை.

செப்டம்பர் 17, புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது முகை வந்து எதிரே உட்கார்ந்து தானும் மடித்தாள். அவள் மடித்ததை நான் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. மடித்துக்கொண்டே கதையைச் சொன்னாள்.

அடிமையாக இருந்தவர்களுக்கு விடுதலை வந்து, கறுப்பு ஆண்களுக்கு ஓட்டும் வந்துவிட்டது. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டு இல்லை என்று வெளிப்படையாகச் சட்டம் போட முடியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெட்டி, மொத்தம் எட்டுப் பெட்டி. மேலே பதவியின் பெயரை மட்டும் எழுதி ஒட்டுவார்கள். சீட்டு வேறு பெட்டியில் விழுந்தால் செல்லாது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்த ஊர், எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? இத்தனாவது பெட்டி என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். வந்த பிறகு பெட்டிகளை இடம் மாற்றினார்கள். அப்படித்தான் எலைஜா வாட்கின்ஸ் என்ற கறுப்பு வாத்தியார் இந்த ஊரில் தோற்றாராம்.

நானும் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்தவள், இவ்வளவு படித்தவன் செய்த தில்லுமுல்லு பார்த்ததில்லை.

"இது இங்க உள்ளவங்களுக்குப் புரியணும் ஆச்சி. அதான் படிக்கத் தெரியாத ஒருத்தர் தடுமாறுறத காட்டணும்."

"ஒருத்தி தடுமாறுதத நூறு பேரு உக்காந்து வேடிக்கை பாக்கவா? ஏட்டி, அவங்களுக்குத் தமிழ் தெரியுமா? தெரியாதுல்லா. பெட்டில தமிழ்ல எழுது. அம்புட்டு பேரும் தடுமாறட்டும்."

கோபத்தில்தான் சொன்னேன். முகை கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தச் சட்டையை மூன்றாவது தடவை மடித்தேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனி. ஒரு பொழுது விரதம். சங்கக் கூட்டத்தில் பிஸ்கட் கொடுத்தார்கள், தொடவில்லை.

சங்கத் தலைவர் பல் டாக்டர் விட்டேக்கர். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரியும், தொழிலுக்கு விளம்பரம். தமிழ் எழுத்து யோசனையை முகை சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. தொப்பி, பழங்காலத்து உடுப்பு, எலுமிச்சை சர்பத் என்று அழகாகச் செய்யலாம் என நினைத்திருந்தாராம். கடைசியில் ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். முகை பக்கம் ஜெயித்தது. வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு, காங்கிரஸ் சீட்டு மட்டும். இரண்டு வேட்பாளரில் பிடித்தவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய் எட்டுப் பெட்டியில் சரியானதில் போட வேண்டும்.

பெட்டி அதிகாரி நான். வேறு யாரால் வாசிக்க முடியும்? அந்தக் காலத்துச் சட்டத்தை முகை எனக்கு வரி வரியாகச் சொன்னாள். அதிகாரி தவிர வேறு யாரும் வாக்காளரோடு பேசக் கூடாது. வாக்காளர் கேட்டால் பெட்டிமேல் உள்ளதை அதிகாரி வாசித்துக் காட்ட வேண்டும். சரி, ஒழுங்கான சட்டம்தான், நடத்தியவன்தான் ஒழுங்கில்லை.

கூட்டத்தின் கடைசி நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கேலப் சிம்மன்ஸ். எண்பது வயது, கறுப்பர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பூட்டன் ஐசக் அந்தத் தேர்தலில் விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்து ஓட்டுப் போட்டவராம். இடமிருந்து மூன்றாவது என்று படித்த கூட்டாளி ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்றாவதில் போட்டார். வெளியே போகும்போது பெட்டி அதிகாரி கூப்பிட்டு, நீ போட்டது ஷெரீப் மாதிரி ஊர் அதிகாரிகளுக்கான பெட்டி என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு சிம்மன்ஸ் வீட்டு ஆள் யாரும் அந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை.

நாடகமானாலும் சரி, அந்த அறையில் தங்கள் வீட்டு ஓட்டு ஒன்று சரியான பெட்டியில் விழ வேண்டும், அவ்வளவுதான் தனக்கு வேண்டும் என்றார். முகை சும்மா இருக்காமல், உங்களுக்கு மட்டும் பெட்டியில் ஒரு குறி போட்டு வைக்கிறேன் என்றாள். அவர் தலையசைத்த விதத்தைப் பார்த்து எனக்கே புரிந்துவிட்டது. முகை தமிழில் சொன்னாள்: "குறி வேண்டாமாம் ஆச்சி. அவரே படிச்சுப் போடணுமாம்."

எப்படிப் படிப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

கேலப் பெட்டி செய்யக் கிளம்பி வந்துவிட்டார். எங்கள் கராஜில்தான் வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் வருவாராம். வீட்டில் நான் ஒருத்திதான். காபி கொடுத்தேன். அவர் சீனி கேட்டார், டப்பாவையே வைத்தேன். எண்பது வயதில் இவ்வளவு சீனி ஆகாது என்று சொன்னேன். புரியவில்லை, அல்லது புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

என்னை மிஸ் உலகா என்கிறார். உலகம்மாள் முழுதாக வாயில் நுழையவில்லை. நான் கேலப் அண்ணாச்சி என்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நான்கு பெட்டி முடிந்தது. மரத்தூள். கூட்டினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெட்டிப் பெயர்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். காங்கிரஸ், கவர்னர் என்று முதலில் எழுதினேன். முகை சிரித்துவிட்டாள். நான் வாசித்தால் எல்லாருக்கும் புரிந்துவிடுமே என்றாள். சரிதான். சுத்தத் தமிழாக மாற்றினேன். காங்கிரசுக்கு மக்கள் சபை. மற்றவை: குடியரசுத் தலைவர், ஆளுநர், மாநில அதிகாரிகள், மேலவை, சட்டமன்றம், அரசு வக்கீல், ஊர் அதிகாரிகள். வக்கீல் தமிழா என்று மருமகன் கேட்டார். எங்கள் ஊரில் தமிழ்தான் என்றேன்.

கருவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் எடுத்து வைத்தோம். குளிர் வருகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

பெட்டிகளில் கறுப்பு பெயிண்டால் பெயர் எழுதினேன். கை நடுங்கவில்லை. அஞ்சாப்பில் கையெழுத்துக்குப் பென்சில் பரிசு வாங்கியவள்.

கேலப் அண்ணாச்சி ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பார்க்கட்டும். அவர் செய்த பெட்டி. ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். பாஷை தெரியாத இரண்டு பேர் என்ன பெரிதாகப் பேசியிருக்க முடியும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இங்கே லீவு இல்லை. ஐந்து மணிக்கே எழுப்பி எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தேன். மருமகன் எண்ணெய்த் தலையோடு ஆபீஸ் போனார். முறுக்கு நன்றாக வந்தது, அதிரசம் உதிர்ந்துவிட்டது, அரிசி சரியில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பெட்டி வேலை போன வாரமே முடிந்துவிட்டது. ஆனாலும் அண்ணாச்சி வந்தார். மூடிக்குக் கீல் மாட்ட வேண்டுமாம். கீல் ஏற்கெனவே மாட்டியிருந்தது. முறுக்கு கொடுத்தேன். நல்ல பல், கடித்துத் தின்றார்.

மகள் செண்பகா மத்தியானமே வந்துவிட்டாள். கராஜ் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, அந்தத் தாத்தா முன்னால நின்னு தலைல ரெண்டு விரல வச்சுக்கிட்டு என்ன செய்த?" என்று கேட்டாள். தலை அரித்தது என்றேன். இரண்டு விரலாலா என்றாள். எத்தனை விரலால் சொறிய வேண்டும் என்று இந்த ஊரில் சட்டம் இருக்கிறதா?

மேலவையின் ம-வுக்கு முன்னால் கொம்பு இருக்கிறது, மக்கள் சபையின் ம-வுக்கு இல்லை. இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

வந்தார். சீனியைக் குறைத்துவிட்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்தன. மிட்டாய் தீர்ந்ததும் முறுக்கு போட்டேன். ஒரு பேய் திரும்பி வந்து இன்னொன்று கேட்டது.

நாளைக்குத் தேர்தல். காஞ்சிப் பட்டைத் தேய்த்து வைத்தேன். பூத்தில் உட்காரும்போது எப்போதும் பட்டுதான். முகைக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாளைக்கு கேலப் தாத்தா தப்பாகப் போட்டுவிட்டால் தானே அவர் வீட்டாரை இரண்டாம் தடவை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்றாள். ஒன்றும் ஆகாது, சாப்பிடு என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். தயிரை ஊற்றினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கால் வீங்கிவிட்டது. இப்போது வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோர்ட்டு மாடியில் பெரிய அறை. நீள மேசையில் எட்டுப் பெட்டியும் வரிசையாக இருந்தன. நான் பின்னால் நாற்காலியில். டாக்டர் விட்டேக்கர் எதிர்க்கட்சி ஏஜெண்ட் வேஷம், முரட்டு மீசை ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் மீசையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் பூத் ஞாபகம் வந்து உற்சாகமாகிவிட்டது.

கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிடும். ஒருவர் எல்லாவற்றிலும் நீளமான பெயர்தான் பெரிய பதவியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு குடியரசுத் தலைவரில் போட்டார். காலேஜ் வாத்தியார் ஒருவர் சட்டம் தெரிந்தவர், வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எட்டையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். என் வாயையே பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி வாசித்தேன். நன்றி சொல்லிவிட்டு ஊர் அதிகாரிகளில் போட்டார். ஓர் அம்மா தனக்கு முன்னால் போனவர் எங்கே போட்டார் என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் நான் பெட்டியை மாற்றிவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 1888 தெரிந்தது. விளையாட்டாக இருந்த அறை கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டது. முகை ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதுதான் வேண்டியிருந்தது.

டாக்டரும் சீட்டுப் போட்டார். அரசு வக்கீலில்.

பிறகு கேலப் அண்ணாச்சி படி ஏறி வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே கால் வைத்தார். நான் பெட்டிகளை மாற்றினேன். அவருக்கும் மாற்றினேன் என்று எழுதி வைக்கிறேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. என் பூத்தில் சலுகை கிடையாது.

இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். மேலவையின் முன்னால் நின்றார். தன் தலையைத் தடவிக்கொண்டு அதைத் தாண்டினார். கடைசிக்கு முந்திய பெட்டியில் உதட்டை அசைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினார். சீட்டை மடிக்காமல், எல்லாரும் பார்க்கும்படி பிடித்துப் போட்டார். மக்கள் சபை.

முகை அழுதுவிட்டாள். சனங்கள் கை தட்டினார்கள். அப்போது டாக்டர் கையைத் தூக்கினார். வேஷத்துக்காகத் தூக்கினாரா, தான் தப்பாகப் போட்ட எரிச்சலில் தூக்கினாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் படிக்க முடியாத எழுத்தை இவர் மட்டும் எப்படிப் படித்தார், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சட்டப்படி இந்த ஓட்டுச் செல்லாது என்றார்.

தொப்பியின் விளிம்பைப் பிடித்திருந்த கேலப் அண்ணாச்சியின் விரல் இறுகியது. அதே அறையில் அதே வீட்டு ஓட்டை இன்னொரு தடவை தூக்கி எறியப் பார்க்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்திருக்க வேண்டும், ஆனால் தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

முகை என்னிடம் திரும்பினாள். "ஆச்சி, நீ சொல்லிக்கொடுத்தியா?"

இருபது வருஷம் பூத்தில் உட்கார்ந்தவள் பொய் சொல்ல மாட்டாள். எழுந்து நின்றேன்.

"ஆமா. வாக்காளர் கேட்டா அதிகாரி வாசிச்சுக் காட்டணும்னு அவுங்க சட்டத்துல இருக்கு. இவரு கேட்டாரு, வாசிச்சேன். எந்தத் தேதில கேக்கணும்னு சட்டத்துல இல்ல. ஒரு மாசமா இந்தப் பெட்டி எங்க வீட்லதான் கிடந்துச்சு. மத்த யாரும் என்னட்ட வந்து கேக்கல. கேட்டிருந்தா அவுங்களுக்கும் வாசிச்சிருப்பேன். இத அப்படியே சொல்லு, மழுப்பாத."

முகை அப்படியே சொன்னாள். டாக்டர் பாக்கெட்டிலிருந்து அந்தப் பழைய சட்டத்தின் நகலை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தார். திருப்பிப் பார்த்தார். காலேஜ் வாத்தியார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் டாக்டரும் சிரித்தார், மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதைப் பிய்த்து மேசைமேல் வைத்துவிட்டு அண்ணாச்சியிடம் போய்க் கை கொடுத்தார். ஓட்டு செல்லும் என்று உரக்கச் சொன்னார். எனக்கே புரிந்தது.

எண்ணிப் பார்த்ததில் மக்கள் சபைப் பெட்டியில் விழுந்ததே ஒரு கை அளவுதான். மற்றதெல்லாம் செல்லாது. எலைஜா வாட்கின்ஸ் இந்தத் தடவையும் தோற்றார், இரண்டு ஓட்டில். கேலப் அண்ணாச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் போன பிறகும் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தன் வீட்டுக் கூடத்தில் உட்காருகிற மாதிரி.

முகை காரில் வரும்போது, "ஆச்சி, சாரி" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

குளிர். கருவேப்பிலை இரண்டு துளிர் விட்டிருக்கிறது. ரசம் வைத்தேன்.

பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கேலப் அண்ணாச்சி. கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை என்று ஏதோ பலகாரம், இன்னொரு கையில் புதுச் சாக்பீஸ் பெட்டி. விரலால் ஏழு காட்டினார். மீதி ஏழு பெட்டியையும் வாசிக்க வேண்டுமாம்.

வாருங்கள் என்றேன். தேர்தல் முடிந்துவிட்டது. இனிமேல் கராஜ் கதவைத் திறந்து வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.